இராசம்மா பாடாத பாட்டு

அவைத் தலைவராக அமர்ந்திருக்கும் ஆலயத் தலைவர் ஐயா நாகரத்தினம் அவர்களே, தோட்ட நிர்வாகி அவர்களே, கோலாலம்பூரிலிருந்து மலையேறி வந்திருக்கும் ‘பதினாறாம் கட்டை’ ராக் இசைக்குழுவின் பாடகர் தம்பி கிஷன் அவர்களே, வேலை முடிந்து கால் கழுவிய கையோடு நேரே இங்கு வந்திருக்கும் தோட்டத்து மக்களே, திரிங்காப்பிலிருந்தும் கோலா தெர்லாவிலிருந்தும் காய்கறி லோரியில் தொற்றிக்கொண்டு வந்தவர்களே, முன்வரிசையில் மகனின் படத்துக்கு நேராக அமர்ந்திருக்கும் இராசம்மா அம்மா அவர்களே! உங்கள் அனைவருக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியன் புனிதனின் வணக்கம்.

இந்த மண்டபத்தில் நான் பேசாத பேச்சா? பொங்கலா, கூப்பிடு புனிதனை. பரிசளிப்பு விழாவா, கூப்பிடு புனிதனை. வாத்தியார் கையில் மைக்கைக் கொடுத்தால் திரும்ப வாங்கப் போலீஸ் வரவேண்டும் என்று என்னைக் கேலி செய்வீர்கள். அந்தக் கேலியைத் தொடங்கிவைத்தவர் யார்? இதோ, மாலை போட்ட படத்துக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறாரே, கித்தார் கலைஞர் யுவனேஸ்வரன், அவர்தான். அவருக்காகப் பேச வந்த இன்று எனக்கு வார்த்தை வரவில்லை. பழைய பேச்சுகளையெல்லாம் மனத்துக்குள் புரட்டிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் இதற்கு உதவவில்லை.

அந்தப் பதாகையைச் சற்றுப் பாருங்கள். அடித்துக் கொடுத்தவர் நல்ல எண்ணத்தோடு அவர் கையில் ஒரு வெள்ளைக் கித்தாரை ஒட்டியிருக்கிறார். யுவனேஸ்வரனின் கித்தார் கறுப்பு. தோளில் மாட்டும் வார் அறுந்துபோய், தம் தகப்பனாரின் பழைய இடுப்பு பெல்ட்டை வைத்து ஒட்டுப்போட்டிருப்பார். இந்தப் பதாகையை அவர் பார்த்திருந்தால், “இது யார் வீட்டு கித்தாரு வாத்தியாரே, வாடகைக்கு எடுத்தீங்களா?” என்று கேட்டிருப்பார். இன்று காலைதான் என் கண்ணில் பட்டது. மாற்ற நேரமில்லை. மாற்றித்தான் என்ன ஆகப்போகிறது?

அன்பர்களே! இந்தத் தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் இலை அரைக்கும் ரோலர் ஓட்டிய கந்தனுக்கும், கொழுந்தெடுத்த இராசம்மா அம்மாவுக்கும் ஒரே பிள்ளையாகப் பிறந்தவர் யுவனேஸ்வரன். கோலாலம்பூர் போனார். குழு தொடங்கினார். அந்தக் குழுவின் ஆரம்ப நாட்களில் டிரம் அடித்தவன் நான். பிறகு ஆசிரியர் வேலை வந்தது, நியமன ஆணை வந்தது, எந்தப் பள்ளி என்று பார்த்தால் அவர் படித்த பள்ளி! அவர் இந்த மலையை விட்டு இறங்கினார், நான் அதே மலைக்கு ஏறி வந்தேன். “என் எடத்த உங்களுக்கு விட்டுட்டேன் வாத்தியாரே, அம்மாவ அப்பப்ப பாத்துக்குங்க” என்றார். பார்த்துக்கொண்டேன். அவரைத்தான் யாராலும் பார்த்துக்கொள்ள முடியவில்லை.

நாற்பத்து நான்கு வயது. தம் அறையில் படுத்தவர் காலையில் எழவில்லை. நெஞ்சு என்றார் டாக்டர். அவ்வளவுதான் விளக்கம். விபத்தென்றால் ஒரு வண்டியையாவது திட்டலாம். நீண்டநாள் நோயென்றால், இந்த மருந்து கொடுத்திருக்கலாம், அந்த ஊருக்குக் கொண்டு போயிருக்கலாம் என்று ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டாவது ஆறலாம். இங்கே யார் மேல் கோபப்படுவது? எனக்குக் கோபம் வருகிறது. அதைக் கொண்டுபோய் இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கவில்லை.

எனக்கு முன் பேசியவர்கள் அவருடைய பெரிய மேடைகளைச் சொன்னார்கள். சிங்கப்பூரில் கூட்டம் முண்டியடித்ததைத் தம்பி கிஷன் அழகாகச் சொன்னார். எல்லாம் உண்மை. ஆனால் ஒருவர்கூடச் சொல்லாத ஒன்று இருக்கிறது. குழுவுக்கு வெளியே, தமக்காக, தனியாக அவர் போட்ட ஓர் ஆல்பம். பெயர், ‘பெரட்டுக்களம்’. காலையில் ஆள் கூட்டிப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிறார்களே, அந்தக் களத்தின் பெயரைத்தான் வைத்தார். யாரும் ஏன் அதைச் சொல்லவில்லை? யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை!

குழுவின் ரசிகர்கள் கேட்டுவிட்டு, “என்னாண்ணே, தூங்க வைக்கிற பாட்டா?” என்று இணையத்தில் எழுதினார்கள். அவரும் மறுக்கவில்லை. “இது சைட் வேலதானே வாத்தியாரே, விடுங்க” என்பார். சைட் வேலையா அது? விடுமுறை கிடைத்தபோதெல்லாம் மலையேறி வந்தார். பனியில் பெரட்டுக்களத்தில் நின்றார். காற்று இரையாமலிருக்க மைக்குக்குத் தம் காலுறையை மாட்டிவிட்டார். வேலை வாங்கும் மண்டோர் பெயர் கூப்பிடும் குரல், கொழுந்து வெட்டும் மெஷினின் இரைச்சல், தகரக் கூரையில் மழை, தகப்பனார் ஓட்டிய அதே ரோலரின் முனகல், எல்லாவற்றையும் பிடித்தார். அவற்றுக்கு நடுவே கித்தார் வாசித்தார். எனக்கு என்ன கொடுத்தார் தெரியுமா? ராக் குழுவில் டிரம் அடித்தவனுக்குக் காலி பிஸ்கட் டின்! “டிரம் வச்சா ஊரு சத்தம் கேக்காது வாத்தியாரே” என்றார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் அடித்தேன். இப்போது கேட்டால் அந்த டின் நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டைப் பற்றித்தான் நான் பேச வந்தேன். அதன் பெயர் ‘வாசல்’. அதில் கித்தார் மட்டும்தான். சிறிது வாசிக்கும், நிற்கும். ஒன்றுமே கேட்காது. மறுபடி சிறிது வாசிக்கும், மறுபடி நிற்கும். பாட்டில் பாதி வெறும் மௌனம்.

அதை முதன்முதலில் இந்த மண்டபத்தில்தான் போட்டார். திருவிழா முடிந்த மறுநாள். உங்களில் பலர் இருந்தீர்கள். இதோ, அன்றைக்கும் இன்றைக்கும் சவுண்ட் செட் போடும் நம் இருளப்பன் அண்ணன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். முதல் இடைவெளி வந்தது. “சவுண்ட் போச்சு லா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். விசில் பறந்தது. அண்ணன் பாய்ந்து போய் ஒயரைப் பிடுங்கிச் செருகினார். அதற்குள் கித்தார் தானாக வந்தது. தாம் சரிசெய்துவிட்டதாக நினைத்து அண்ணன் கையைத் தூக்கிக் காட்டினார், நீங்கள் கைதட்டினீர்கள்! மறுபடி நின்றது. மறுபடி ஓடினார். கடைசியில் பொறுக்க முடியாமல் அவர் அம்மன் பாட்டு ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டார். எல்லோரும் நிம்மதியாக எழுந்து சாப்பிடப் போனீர்கள்.

சிரியுங்கள், பரவாயில்லை. அன்று யுவனேஸ்வரனும் மேடையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “சத்தமில்லாத பாட்ட எதுக்குப்பா சவுண்ட் செட்டுல போடணும்?” என்று அண்ணன் அவரிடம் கேட்டதும் எனக்கு நினைவிருக்கிறது. அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். செட் போடுகிறவருக்குச் சத்தம் நின்றால் நெஞ்சே நின்றது போலத்தான். ஆனால் அந்தக் கலவரத்தில் ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. முதல் இடைவெளி வந்தபோதே இராசம்மா அம்மா எழுந்து வெளியே போய்விட்டார்.

அன்று மாலை யுவனேஸ்வரனிடம் கேட்டேன். “என்னப்பா, நடுவில் ஏன் இத்தனை இடம் விட்டிருக்கிறாய்?” என்றேன். “பாட வேண்டிய ஆள் வரல வாத்தியாரே. வந்தா பாடுவாங்க” என்றார். ஏதோ ஒரு பாடகி ஒத்துக்கொண்டு வராமல் போய்விட்டார் என்று எண்ணிக்கொண்டேன். யுவனேஸ்வரன் கித்தாரைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

சபையோரே! இனி நான் சொல்லப்போவதை இராசம்மா அம்மாவின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். சொல்லியே ஆகவேண்டும். ஏனென்றால் யுவனேஸ்வரனைக் கொண்டுவந்து வாசலில் கிடத்திய அன்று இந்தத் தோட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. இத்தனை காலம் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரியைத் தொடங்கி வைத்தவர் யார்? இராசம்மா அம்மா! அவர் ஒரு வரி எடுத்தால்தானே மற்றப் பெண்கள் சேர்ந்து அழுவார்கள்? அப்படிப்பட்டவர், பெற்ற மகன் கிடக்கும்போது வாயைத் திறக்கவில்லை. பெண்கள் சுற்றி உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “கல்லு மனசு லா” என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. சொன்னவர் இங்கேயும் இருக்கலாம். யாரென்று நான் தேடவில்லை. கேட்டுக்கொண்டு போங்கள், போதும்.

கருமாதி முடிந்ததும் தம்பி கிஷன் என்னிடம் ஒரு யோசனை சொன்னார். ‘பெரட்டுக்களம்’ ஆல்பத்தை மறுபடி வெளியிடலாம், இப்போது உலகமே கேட்கும் என்றார். நல்ல யோசனை. அடுத்து, ‘வாசல்’ பாட்டில் உள்ள இடைவெளிகளை நிரப்பிவிடலாம் என்றார். அந்த இடம் அம்மாவுடைய ஒப்பாரிக்காக விட்டது என்று யுவனேஸ்வரன் என்றைக்கோ ஒருநாள் அவரிடம் சொல்லியிருக்கிறார். “அம்மா பாட மாட்டாங்கன்னா பரவால்ல சார். அண்ணன் போன்ல அம்மா அனுப்புன வாய்ஸ் மெசேஜ் நிறைய இருக்கு. கம்ப்யூட்டர்ல போட்டா அம்மா குரலயே செஞ்சிரலாம். அண்ணனோட ஆசைதானே சார்?” என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நண்பனுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற தவிப்பு. ஏதாவது செய்! எதையாவது செய்! நம் எல்லோருக்கும் அந்தத் தவிப்புதானே?

அதைக் கேட்கத்தான் இன்று காலை அம்மாவின் வீட்டுக்குப் போனேன். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. தேயிலையைப் போடாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். விஷயத்தைச் சொன்னேன். தண்ணீரிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு சொன்னார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

“அவங்கப்பா போனப்ப இவன் வந்து சேரல வாத்தியாரே. ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு. கோலா தெர்லாவுக்கு அந்தாண்ட லோரிங்களோட லோரியா நின்னுக்கிட்டு இருந்திருக்கான். இங்க நேரமாச்சுன்னு எடுத்துட்டாங்க. வந்து பாத்தா வீடு கழுவி விட்டாச்சு. ‘அப்பாவுக்கு என்னாம்மா பாடுன’ன்னு கேட்டான். நான் என்னாத்தச் சொல்றது? அன்னையிலேருந்து பிடிச்சுக்கிட்டான். அப்பாவுக்குப் பாடுனத எனக்குப் பாடிக் காட்டு, பாடிக் காட்டுன்னு.”

பாடியிருக்கலாமே அம்மா என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வை இருக்கிறதே!

“பொணம் இல்லாத வீட்டுல ஒப்பாரி வைக்கலாமா? இந்த லயத்து வீடுங்கள்ல யாராச்சும் வச்சுப் பாத்திருக்கீங்களா? வச்சா அது இன்னொரு ஆளக் காவு கேக்கும் வாத்தியாரே. அவங்கப்பா போயாச்சு. நான் பாடுனா அது யாரக் கேக்கும்? எனக்கு வேற யாரு இருக்கா? ‘பாட்டுதானேம்மா’ங்கிறான், மைக்க நீட்டிக்கிட்டு. மாட்டவே மாட்டேன்னுட்டேன். கோவிச்சுக்கிட்டுக்கூடப் போயிருக்கான். போனா போறான், உசுரோட இருந்தா போதும்னு நான் இருந்தேன்.”

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“நான் வாய மூடிக்கிட்டுத்தானே இருந்தேன்? ஒரு வரிகூடப் பாடலயே! அப்புறம் எப்படிப் போனான் வாத்தியாரே?”

அன்பர்களே, என்ன பதில் சொல்வது? இத்தனை ஆண்டு பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கியவன் நான். அம்மாவிடம், அதெல்லாம் ஒரு நம்பிக்கைதான், பாடியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று சொல்லவா? சொன்னால், பாடியிருக்கலாமே என்று அவர் தம்மையே கொன்றுகொள்வார். நீங்கள் பாடாததுதான் சரி என்று சொல்லவா? அப்படியென்றால் அவன் ஏன் போனான் என்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். தண்ணீர் வற்றிப்போய்ப் பாத்திரம் கருக ஆரம்பித்தது. அடுப்பை அணைத்தேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

கல் மனசா? கேட்கிறேன், கல் மனசா அது? பாட்டையே மூச்சாகக் கொண்ட ஒருத்தி, மகன் உயிரோடிருக்க வேண்டும் என்பதற்காக அவன் ஆசையாய்க் கேட்ட ஒரே பாட்டை இத்தனை ஆண்டு வாய்க்குள்ளேயே வைத்துக் காவல் காத்தாள்! அந்தக் காவல் ஒன்றுக்கும் ஆகவில்லை. சரி, இப்போதாவது பாடி ஆற்றிக்கொள்ளலாமே என்றேன். “அவன் உசுரோட கேட்டப்ப இல்லன்னுட்டு, செத்த பொறவு எந்த வாயால பாடுறது?” என்றார்.

வீட்டுக்குத் திரும்பி, காதில் மாட்டிக்கொண்டு ‘வாசல்’ பாட்டை மறுபடி கேட்டேன். இத்தனை நாளும் கித்தார் வாசிக்கிறது, நடுவில் நிறுத்துகிறது என்றுதான் எண்ணியிருந்தேன். அப்படி இல்லை! ஒப்பாரியில் முதல் வரியை அம்மா எடுப்பார், மூச்சு விடுவார், சுற்றியிருக்கும் பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து முனகுவார்கள். கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? கித்தார் வாசிப்பது அந்த முனகலைத்தான். ஒவ்வொரு இடைவெளியும் அம்மாவின் ஒரு வரி நீளம். சிறுவயதில் சாவு வீடுகளில் தாயின் முதுகோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு அவர் மூச்சு எங்கே முடியும் என்று தெரியாதா? தகப்பனின் சாவுக்கு வந்து சேர முடியாத மகன், அந்தப் பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்து, தாய் பாடட்டும் என்று காத்திருக்கிறார். பாட்டு முடியும்வரை காத்திருக்கிறார். பக்கத்தில் பிஸ்கட் டின்கூட இல்லை.

தம் குரலைக் கம்ப்யூட்டரில் செய்வது பற்றி அம்மா சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். “பெத்த புள்ள கேட்டே நான் குடுக்கல. மிசினு கேட்டா குடுத்துருவேனா? அது என் எடம். வெறுமனே கெடக்கட்டும்.” கூட்டம் தொடங்குமுன் வாசலில் வைத்துத் தம்பி கிஷனிடம் இதைச் சொன்னேன். அவர் யுவனேஸ்வரனின் போனை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நன்றி தம்பி.

இரங்கல் கூட்டத்தில் கடைசியாக ஓர் உறுதிமொழி எடுப்பது வழக்கம். மறைந்தவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று எத்தனை மேடையில் முழங்கியிருக்கிறேன்! இன்று எதைத் தொடர்வது? அந்தக் கித்தாரை வாசிக்க நம்மில் யார் இருக்கிறார்கள்? நான் டின் அடிப்பவன். அவர் ஆசையை நிறைவேற்றுவோம் என்று சொல்லலாமா? அதுவும் நம் கையில் இல்லை. அம்மாவின் துயரைத் துடைப்போமா? துடைக்க முடியாது, ஐயா. சோறு கொண்டுபோய்க் கொடுக்கலாம், பக்கத்தில் உட்காரலாம். அதற்குமேல் நம்மால் ஆகாது.

ஆகவே நாம் எடுக்கக்கூடிய உறுதிமொழி ஒன்றுதான். ‘பெரட்டுக்களம்’ மறுபடி வெளிவரட்டும். எங்கே ஒலித்தாலும், யார் வெளியிட்டாலும், அந்த இடத்தை யாரும் நிரப்பாமல் பார்த்துக்கொள்வோம். அந்த இடத்துக்கு உரியவர் நம்மோடு இருக்கிறார். அவர் பாடினாலும் சரி, கடைசிவரை பாடாவிட்டாலும் சரி, அவரை யாரும் கேட்க மாட்டோம். இதற்குச் சம்மதம் என்றால் கையைத் தூக்குங்கள். பின்வரிசையும் தூக்கலாம். நல்லது.

கூட்டத் தொடக்கத்தில் ஒரு நிமிட மௌனம் என்றார் ஐயா நாகரத்தினம். பாதியிலேயே யாருடைய போனோ பாடியது, சிலர் இருமினார்கள், உட்காரலாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் குறையை இப்போது தீர்ப்போம். அம்மாவிடம் கேட்டுவிட்டேன். “போடுங்க. இந்தத் தடவ எந்திரிச்சுப் போவல” என்றார்.

இருளப்பன் அண்ணே, கடைசிப் பாட்டைப் போடுங்கள். சத்தம் நிற்கும், செட் கெட்டுப்போகவில்லை. ஒயரைத் தொடாதீர்கள், யாரும் எழுந்திருக்காதீர்கள். அது இராசம்மா அம்மாவின் முறை.